ஆடும் நீங்களே... புலியும் நீங்களே!

எதிரே உட்கார ஆள் இல்லாமலும் ஆடு புலி ஆட்டம் கற்கலாம்... எப்படி?

சேலம் மாவட்டம் இளம்பிள்ளை என்றதும் நினைவுக்கு வருவது சேலை. கஞ்சமலைக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு தறிச் சத்தம்தான். தறி ஓடும்வரை யாருக்கும் உட்கார நேரம் இருக்காது. கரண்ட் போய்விட்டால் மட்டும் சத்தம் அடங்கும், கைகளுக்கு ஓய்வு கிடைக்கும். அந்த அரை மணி நேரத்தில் இன்று கை தானாக செல்போனைத் தேடுகிறது.

செல்போன் வராத காலத்தில் தமிழ்நாட்டுத் திண்ணைகளில் இந்த நேரத்துக்கென்றே ஓர் ஆட்டம் இருந்தது. ஒரு கரித்துண்டு, சில புளியங்கொட்டைகள், மூன்று கூழாங்கற்கள் போதும். ஆடு புலி ஆட்டம் தரையில் தயாராகிவிடும். பல பழைய கோயில்களின் கல்தரையில் இந்தக் கட்டத்தைச் செதுக்கியே வைத்திருக்கிறார்கள்.

'அதெல்லாம் சரி, இப்போ கூட உட்கார்ந்து விளையாட யார் இருக்கா?' என்பதுதான் பல வீடுகளில் வரும் பதில். அண்ணன் திருப்பூரில், தங்கை பெங்களூரில், பேரப்பிள்ளைகள் டியூஷனில். ஆள் இல்லாததால் ஆட்டமும் மறந்துபோகிறது. ஆனால், ஆள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இந்த ஆட்டத்தைத் தனியாகவே கற்கலாம். தனியாகக் கற்கும்போது மட்டுமே கிடைக்கும் ஒரு பாடமும் இதில் இருக்கிறது.

மூன்று புலி, பதினைந்து ஆடு

முதலில் கட்டத்தை வரைந்துகொள்வோம். மேலே ஓர் உச்சிப் புள்ளி. அங்கிருந்து கீழ்நோக்கி விசிறி போல விரியும் 4 சாய்வுக் கோடுகள். அவற்றின் கால்களை இணைக்க ஓர் அடிக்கோடு. உச்சிக்கும் அடிக்கோட்டுக்கும் நடுவில் 3 படுக்கைக் கோடுகள். இந்த மூன்றும் விசிறியைத் தாண்டி இரண்டு பக்கமும் கொஞ்சம் நீள வேண்டும். நீண்டிருக்கும் இடது முனைகளை ஒரு நிற்கும் கோட்டாலும், வலது முனைகளை இன்னொரு நிற்கும் கோட்டாலும் இணைத்துவிட்டால் கட்டம் தயார்.

இப்போது புள்ளிகளை எண்ணிப் பாருங்கள். உச்சியில் 1, மூன்று வரிசைகளிலும் தலா 6, அடிக்கோட்டில் 4. ஆக மொத்தம் 23 புள்ளிகள்.

புலிகள் 3, ஆடுகள் 15. புலிகளை முதலிலேயே வைத்துவிடுவது ஒரு வழக்கம்: உச்சியில் ஒன்று, அதற்குக் கீழே முதல் வரிசையின் நடுப் புள்ளிகளில் இரண்டு. பிறகு ஒரு முறைக்கு ஓர் ஆடு என வைத்துக்கொண்டே வர வேண்டும். ஒவ்வோர் ஆடு வைத்த பிறகும் ஏதாவது ஒரு புலி கோடு வழியாகப் பக்கத்துப் புள்ளிக்கு நகரும். பக்கத்தில் ஆடு இருந்து, அதே நேர்கோட்டில் அதற்கு அடுத்த புள்ளி காலியாக இருந்தால், புலி ஆட்டைத் தாண்டிக் குதித்து வெட்டிவிடும். 15 ஆடுகளையும் வைத்து முடிக்கும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. அதன் பிறகு ஆடுகளும் ஒவ்வொரு புள்ளியாக நகரலாம். ஆனால் ஆட்டால் வெட்ட முடியாது.

மூன்று புலிகளையும் அசைய விடாமல் அடைத்துவிட்டால் ஆடுகளுக்கு வெற்றி. எத்தனை ஆடு போனால் தோல்வி என்பது ஊருக்கு ஊர் மாறும். தனியாகப் பழகுகிறவர்கள் 5 என்று வைத்துக்கொண்டு தொடங்கலாம்.

தெலுங்கில் இதைப் புலி ஜூதம் என்கிறார்கள். நேபாளத்தில் இதன் உறவுக்கார ஆட்டமான பாக்-சால் 25 புள்ளிகளில் நடக்கிறது. அங்கே 4 புலிகள், 20 ஆடுகள். பாக்-சாலைக் கணினி வைத்து அலசிய ஆய்வாளர்கள், இரண்டு பக்கமும் தவறே செய்யாமல் ஆடினால் வெற்றி தோல்வி இல்லாமல்தான் முடியும் என்று நிரூபித்திருக்கிறார்கள். அதாவது அங்கே ஒருவர் ஜெயிக்கிறார் என்றால், இன்னொருவர் எங்கோ தவறியிருக்கிறார்.

தனியாக ஆட முடியுமா?

ரம்மியைத் தனியாக ஆட முடியாது. எதிராளியின் சீட்டு தெரிந்துவிட்டால் ஆட்டமே இல்லை. ஆடு புலி ஆட்டத்தில் ஒளித்து வைக்க எதுவும் கிடையாது. எல்லாக் காய்களும் கண்முன்னே இருக்கின்றன. அதனால் ஒருவரே இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஆடலாம்.

உலகம் முழுக்க இப்படி ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். மேலை நாடுகளில் 'வார்கேம்' எனப்படும் போர்ப் பலகை ஆட்டங்கள் பிரபலம். 1977-ல் அவலான் ஹில் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்குவாட் லீடர்' அவற்றில் பேர்பெற்ற ஒன்று. இரண்டாம் உலகப்போரின் சிறு சிறு படைப்பிரிவுகளை அட்டைக் காய்களாக வைத்து, அறுகோணக் கட்டங்கள் போட்ட வரைபடத்தில் நகர்த்துவார்கள். 1985-ல் வந்த அதன் அடுத்த வடிவத்துக்கு விதிகளே ஒரு தடித்த கோப்பு அளவுக்கு இருக்கும். இவ்வளவையும் படித்துவிட்டு வரும் எதிராளி எளிதில் கிடைப்பாரா? அதனால் பலரும் இரண்டு படைகளையும் தாங்களே நடத்திப் பழகுகிறார்கள்.

அந்த ஆட்டத்தை வடிவமைத்த ஜான் ஹில்லும் அவரது குழுவினரும் கற்பவர்களுக்கு ஒரு வசதி செய்து வைத்தார்கள். எல்லா விதிகளையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். கொஞ்சம் படித்துவிட்டு ஒரு சின்னச் சண்டையை ஆடிப் பார்க்கலாம். அது பழகியதும் அடுத்த பகுதிக்குப் போகலாம். இதே வழியில் ஆடு புலி ஆட்டத்தையும் மூன்று பாடங்களாகப் பிரித்துக்கொண்டால் வேலை சுலபம்.

முதல் பாடம்: ஏழு பத்திரமான புள்ளிகள்

முதல் நாள் முழு ஆட்டம் ஆட வேண்டாம். கையில் ஒரு புலி, ஓர் ஆடு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டை ஒவ்வொரு புள்ளியாக வைத்து, 'இங்கே இருந்தால் புலியால் வெட்ட முடியுமா?' என்று பாருங்கள்.

புலி குதிக்க வேண்டுமென்றால் ஆட்டுக்கு முன்னும் பின்னும் ஒரே கோட்டில் புள்ளிகள் வேண்டும். கோடு முடிகிற இடத்தில் நிற்கும் ஆட்டைத் தாண்டிக் குதிக்க இடமே இல்லை. இப்படி எந்தக் கோட்டிலும் நடுவில் வராத புள்ளிகள் 7. உச்சி ஒன்று, முதல் வரிசையின் இரு முனைகள், மூன்றாம் வரிசையின் இரு முனைகள், அடிக்கோட்டின் இரு முனைகள். இந்த ஏழில் நிற்கும் ஆட்டை எந்தப் புலியாலும் எப்போதும் வெட்ட முடியாது.

இரண்டாம் வரிசையின் முனைகளும் மூலை மாதிரிதானே தெரிகின்றன? அங்கேதான் புதிதாக ஆடுகிறவர்கள் ஏமாறுவார்கள். அவை நிற்கும் கோட்டின் நடுவில் இருக்கின்றன. மேலே இருந்து கீழேயோ, கீழே இருந்து மேலேயோ புலி குதித்துவிடும்.

ஆனால், மூலையில் ஏற்கெனவே ஓர் ஆடு இருந்தால் கதை மாறுகிறது. புலி இறங்க வேண்டிய இடமும் புறப்பட வேண்டிய இடமும் அடைபட்டுவிடுவதால், அதே நிற்கும் கோட்டில் அடுத்து வைக்கும் ஆடு பத்திரம். அடிக்கோட்டிலும் இப்படித்தான். மூலையில் தொடங்கி ஒவ்வொன்றாக ஒட்டி ஒட்டி வைத்துக்கொண்டு போனால் ஒன்றுக்கொன்று காவல். இளம்பிள்ளைக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையே இல்லை. ஓர் இழை தனியாக நின்றால் அறுந்துபோகும், பாவில் சேர்ந்துவிட்டால் துணி.

இரண்டாம் பாடம்: ஒரு புலியை அடைக்க எத்தனை ஆடு?

அடுத்த நாள் ஒரு புலியை ஓரிடத்தில் வைத்துவிட்டு, அதை அசைய விடாமல் அடைக்க எத்தனை ஆடுகள் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

அடிக்கோட்டின் மூலையில் புலி இருந்தால், அதற்குப் போக இரண்டே வழி. இரண்டு வழியிலும் ஓர் ஆடு, ஒவ்வோர் ஆட்டுக்கும் பின்னால் குதிக்க இடமில்லாமல் இன்னோர் ஆடு. மொத்தம் 4 ஆடுகள் போதும். அதே புலி இரண்டாம் வரிசையின் நடுவில் நின்றால், நான்கு பக்கமும் வழி. நான்கு பக்கமும் இரண்டிரண்டு ஆடுகள் என 8 தேவை. உச்சியில் இருக்கும் புலிக்கும் 8.

இந்த ஒரே கணக்கில் ஆட்டத்தின் சூட்சுமம் பாதி பிடிபட்டுவிடும். நடுவில் நிற்கும் புலி, ஆட்டுக்காரரின் கையில் இருப்பதில் பாதிக்கு மேல் செலவு வைக்கும். மூலைக்குப் போன புலிக்குச் செலவு குறைவு. ஆக, புலி நடுவை விடக் கூடாது. ஆடுகள் புலியை ஓரத்துக்குத் தள்ள வேண்டும்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆடுகளுக்குப் பத்திரமான இடமும் அதே மூலைகள்தான். எல்லா மூலைகளிலும் ஆடுகளே உட்கார்ந்துகொண்டால் புலியை எங்கே தள்ளுவது? பத்திரமா, பிடியா என்ற இந்த இழுபறியில்தான் ஒவ்வோர் ஆட்டமும் சூடு பிடிக்கிறது.

இன்னொரு பயிற்சி. புலிகள் தொடக்கத்தில் இருக்கும் இடத்திலேயே, அதாவது உச்சியிலும் முதல் வரிசையின் 3, 4-ம் புள்ளிகளிலும் நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் அடைக்க எத்தனை ஆடுகள் வேண்டும்? எட்டும் எட்டும் எட்டும் என்று கூட்டிக் கையைப் பிசைய வேண்டாம். பத்தே ஆடுகள் போதும்! முதல் வரிசையில் மீதமுள்ள நான்கு புள்ளிகளிலும் ஆடு, இரண்டாம் வரிசையில் இரு முனைகளையும் விட்டுவிட்டு நடுவில் நான்கு ஆடுகள், மூன்றாம் வரிசையின் 3, 4-ம் புள்ளிகளில் இரண்டு. வைத்துப் பாருங்கள், எந்தப் புலியும் நகர முடியாது. காரணம், ஒரு புலி இன்னொரு புலியைத் தாண்ட முடியாது. கூடி நிற்கும் புலிகள் ஒன்றுக்கொன்று வேலியாகிவிடுகின்றன. ஆடுகளுக்கு ஒற்றுமை பலம். புலிகளுக்கு அதுவே சிறை.

மூன்றாம் பாடம்: முழு ஆட்டம்

இப்போது 15 ஆடுகளையும் 3 புலிகளையும் எடுத்துக்கொண்டு முழு ஆட்டத்தைத் தொடங்கலாம். ஓர் ஆடும் போகாமல் எல்லாவற்றையும் வைத்து முடித்துவிட்டால் கட்டத்தில் 18 காய்கள், 5 காலிப் புள்ளிகள். இனிமேல்தான் உண்மையான சோதனை. அதுவரை ஆடுகளை வைத்தால் போதும், இப்போது நகர்த்தியே ஆக வேண்டும். கெட்டியாகக் கட்டிய வேலியிலிருந்து ஒன்றை எடுக்கும்போது அது விட்டுப்போன இடம் காலியாகும். பின்னால் நின்றவனுக்குக் காவல் போகும். எந்த ஆட்டை எடுத்தால் வேலி சாயாது என்று பார்ப்பதுதான் ஆட்டுக்காரரின் திறமை. ஓர் ஆடு போனாலும் காலிப் புள்ளி ஆறாகி, புலிக்கு மூச்சு விட இடம் கிடைத்துவிடும்.

இங்கேதான் தனியாக ஆடுகிறவருக்கு வேறொரு பிரச்னை வரும். புலியை எங்கே நகர்த்தலாம் என்று யோசிக்கும்போது, 'இங்கே போனால் ஆடுகள் சிக்கிவிடுமே' என்று மனம் தயங்கும். ஆடு தரப்பில் அழகாக ஒரு வலை பின்னி வைத்திருப்போம். அதைக் கெடுக்கிற நகர்வு புலிக்கு இருப்பது கண்ணுக்குத் தெரியும். தெரிந்தும் கை வேறு பக்கம் போகும். யாரும் பார்க்கவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் ஆட்டம் அங்கேயே செத்துவிடும்.

பிடித்த பக்கத்துக்குச் சலுகை கொடுத்தால்...

இந்தத் தயக்கம் திண்ணையோடு நின்றால் பரவாயில்லை. பெரிய கடற்படையே இதில் சறுக்கியிருக்கிறது.

1942 மே மாதத் தொடக்கம். பசிபிக் கடலில் மிட்வே தீவைப் பிடிக்கத் திட்டமிட்ட ஜப்பானியக் கடற்படை, யமாட்டோ போர்க்கப்பலில் அந்தத் திட்டத்தை மேசைமேல் ஆடிப் பார்த்தது. ஒரு கட்டத்தில் அமெரிக்க விமானங்கள் ஜப்பானின் விமானம் தாங்கிக் கப்பல்களைத் தாக்குகின்றன. பகடை உருட்டி நடுவர் சொன்ன தீர்ப்பு: 9 குண்டுகள் பட்டன, அகாகி, காகா என்ற இரண்டு கப்பல்களும் மூழ்கின. ஆட்டத்தை மேற்பார்த்த அட்மிரல் உகாக்கி இதை ஏற்கவில்லை. குண்டுகளின் எண்ணிக்கையை மூன்றாகக் குறைத்தார். அகாகி பிழைத்தது. மூழ்கிய காகாவும் அடுத்த கட்ட ஆட்டத்தில் மறுபடி மிதந்து வந்தது!

ஒரு மாதம் கழித்து, ஜூன் முதல் வாரத்தில் நிஜமான மிட்வே போர் நடந்தது. அகாகி, காகா மட்டுமல்ல, சோர்யு, ஹிர்யு ஆகியவையும் சேர்த்து ஜப்பானின் நான்கு விமானம் தாங்கிக் கப்பல்கள் மூழ்கின. மேசையில் செய்த ஒரு திருத்தத்தால்தான் அவர்கள் தோற்றார்கள் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், எதிரி என்ன செய்ய முடியும் என்று காட்டிய கண்ணாடியைத் தாங்களே திருப்பி வைத்துக்கொண்டார்கள்.

எதிரியாகவே உட்கார்ந்த பெண்கள்

அதே 1942-ல் இங்கிலாந்தின் லிவர்பூலில் நடந்தது இதற்கு நேர்மாறானது. அட்லாண்டிக் கடலில் உணவும் எரிபொருளும் ஏற்றிவந்த பிரிட்டிஷ் கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் ஒவ்வொன்றாக மூழ்கடித்துக்கொண்டிருந்தன. தடுப்பது எப்படி என்று கண்டுபிடிக்க, கேப்டன் கில்பர்ட் ராபர்ட்ஸ் தலைமையில் ஒரு சிறு குழு அமைக்கப்பட்டது. உடல்நலம் குன்றிக் கடற்படையிலிருந்து விலக நேர்ந்தவர் அவர். அவருக்குத் துணையாக வந்தவர்களில் பலர், கடற்போரையே பார்த்திராத இளம்பெண்கள்.

தரை முழுக்கக் கட்டம் போட்டு, குட்டிக் கப்பல்களை நகர்த்தி, நடந்த தாக்குதல்களை மறுபடி ஆடிப் பார்த்தார்கள். 'நான் நீர்மூழ்கியின் கேப்டனாக இருந்தால் எந்த வழியில் வருவேன்?' என்று நேர்மையாகக் கேட்டுக்கொண்டபோது விடை கிடைத்தது. நீர்மூழ்கிகள் வெளியே தூரத்தில் நின்று தாக்கவில்லை. இரவில் பின்பக்கமாகக் கப்பல் கூட்டத்துக்குள்ளேயே நுழைந்து தாக்குகின்றன! அதற்கேற்ப உருவாக்கிய புதிய தற்காப்பு முறைகளைக் கடற்படை அதிகாரிகள் இந்தப் பெண்களிடம் ஆடியே கற்றார்கள். முதல் உலகப்போரில் நீர்மூழ்கி ஓட்டிப் பெயர் வாங்கிய அட்மிரல் மேக்ஸ் ஹார்ட்டன் ஒருநாள் நீர்மூழ்கித் தரப்பில் ஆட உட்கார்ந்தார். ஜேனட் ஓகெல் என்ற இளம்பெண்ணிடம் தோற்றார்.

இதையும் ஆடு புலி ஆட்டம் என்றே சொல்லலாம். கூட்டமாகப் போகும் ஆடுகளைக் காப்பாற்ற, அவர்கள் முதலில் புலியாக உட்கார்ந்து யோசித்தார்கள்.

நேர்மையாக ஆட ஆறு வழிகள்

* இடம் மாறுங்கள்: ஆடு வைக்கும்போது ஒரு பக்கம், புலி நகர்த்தும்போது எதிர்ப்பக்கம் உட்காருங்கள். முட்டி வலிக்காரர்கள் அட்டையில் வரைந்து, அட்டையைத் திருப்பிக்கொள்ளலாம். பக்கம் மாறியதும் கண்ணுக்குப் படுவதும் மாறும்.

* வாய்விட்டுக் கேளுங்கள்: புலியின் முறை வந்ததும் 'வெட்ட ஏதாவது இருக்கா? இல்லேன்னா அடுத்த முறை வெட்ட வழி இருக்கா?' என்ற இரண்டு கேள்விகளையும் கேட்ட பிறகே காயைத் தொடுங்கள்.

* புளியங்கொட்டையிடம் விடுங்கள்: இரண்டு நகர்வுகள் சமமாகத் தெரிந்தால் நீங்கள் முடிவு செய்யாதீர்கள். தாயத்துக்குத் தேய்ப்பது போல ஒருபுறம் தேய்த்த புளியங்கொட்டையைப் போட்டு, வெள்ளை விழுந்தால் இது, கறுப்பு விழுந்தால் அது என்று முடிவெடுங்கள்.

* எடுத்த காயைத் திருப்பி வைக்காதீர்கள்: எதிரே ஆள் இருந்தால் விடுவாரா? அதே விதி தனியாக ஆடும்போதும் உண்டு.

* குறித்து வையுங்கள்: வரிசை எண், புள்ளி எண் போட்டு ஒரு நோட்டில் நகர்வுகளை எழுதுங்கள். ஆட்டம் முடிந்ததும், முதல் ஆடு போன இடத்திலிருந்து மூன்று நகர்வு பின்னால் போய்ப் பாருங்கள். தவறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

* கணக்கு வையுங்கள்: பத்து ஆட்டத்தில் ஒரே பக்கம் ஒன்பது முறை ஜெயிக்கிறதா? உங்களுக்குப் பிடித்த பக்கம் அதுவாக இருக்கலாம். அடுத்த வாரம் முழுக்கத் தோற்ற பக்கத்துக்காக அதிக நேரம் யோசியுங்கள்.

செல்போனிலும் ஆடு புலி ஆட்டம் கிடைக்கிறது. விதிகளைப் பழக அது உதவும். ஆனால் அங்கே எதிராளிக்காகச் செயலியே யோசித்துவிடுகிறது. தரையில் ஆடும்போது எதிராளிக்காகவும் நாம்தான் யோசிக்க வேண்டும். கொஞ்சம் கஷ்டமான வேலைதான். வீட்டில் ஒரு வாக்குவாதம் வந்தால் 'அவங்க இடத்துல இருந்து பார்த்தா...' என்று ஒரு நிமிடம் யோசிக்கிறோமே, அதற்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை.

பத்து இருபது ஆட்டம் தனியாக ஆடி முடித்தவருக்கு இரண்டு பக்கமும் அத்துப்படியாகிவிடும். லீவுக்கு வரும் பேரனோ, பக்கத்து வீட்டுப் பாப்பாவோ 'இது என்ன கோலம்?' என்று கேட்டு உட்கார்ந்தால் போதும். 'உனக்கு ஆடு வேணுமா, புலி வேணுமா?' என்று தாராளமாகக் கேட்கலாம். எதைக் கொடுத்தாலும் மற்றதை ஆட அவருக்குத் தெரியும்.